சந்தனம் வாங்கிய காவல்காரர்கள்

செவல்குறிச்சி வடக்குத் தெருவில் கல்யாணமோ காதுகுத்தோ, எந்த வீட்டு விசேஷம் என்றாலும் அடுப்பு மூட்டிச் சமைத்துப் பந்தி பரிமாறுகிற உலகம்மாளின் கழுத்தில் ஒரு வீக்கம் வந்தது. ஆனி பிறக்கும்போது நாவல்பழமாக இருந்தது, பத்தாம் நாள் எலுமிச்சையாகி, இருபதாம் நாள் மாங்காயாகி, ஆடி பிறப்பதற்குள் அவள் நாடியையே மேலே முட்டித் தூக்கிவிட, ஆடி முதல் செவ்வாய்க்கிழமை காலையில், காதுக்கு மூன்று விரற்கடை கீழே, மூக்குத்தித் துளை போல ஒரு துளை அந்த வீக்கத்தின் ஓரத்தில் திறந்து, அதன் வழியாக ஒரு ஆள் வெளியே வந்தான்.

வரும்போது நூல் மாதிரி நெளிந்துதான் வந்தான். தோளில் இறங்கி, ஈரத்தை உதறி, விரல் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றான். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. கையில் ஒரு காலிச் சாக்கு. நெற்றியில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சேனைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த தங்கை பூரணத்துக்கு ஆச்சரியமெல்லாம் வரவில்லை, குமட்டல்தான் வந்தது. பல்லி விழுந்த பழங்கஞ்சி மாதிரி வாடை அடித்தது அவன் மேல்.

“சித்தி, சோறு இருக்கா?” என்றான்.

உலகம்மாள் திரும்பிப் பார்க்க முடியாமல், கண்ணை மட்டும் உருட்டினாள். “யாருட்டி அது?”

“உன் கழுத்துக்குள்ள இருந்து ஒருத்தன் வந்து நிக்கான்க்கா. சோறு கேக்கான்.”

“கேட்டா போடு. போடாம என்ன வேடிக்க பாத்துக்கிட்டு இருக்க?”

அப்படித்தான் அது தொடங்கியது. ஒருவன் வந்தான், மறுநாள் ஏழு பேர் வந்தார்கள், அமாவாசைக்குள் எண்ண முடியாமல் வந்தார்கள், சாரை சாரையாகத் தோளில் இறங்கி, முழங்கையில் வழுக்கி, மடியில் குதித்து, தெருவுக்குள் நடந்தார்கள். தெரு அவர்களுக்குக் கழுத்துக்காரர்கள் என்று பெயர் வைத்தது. டீக்கடை மாசானம் பன்னின் ஓரத்தைக் கிள்ளிப் பாலில் நனைத்து பெஞ்சின் முனையில் வரிசையாக வைத்தான். தையல்காரர் வெட்டுத்துணியில் துண்டு தைத்துக் கொடுத்தார். சைக்கிளில் வருகிறவர்கள் மணியடித்து மெதுவாகப் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரெண்டு நாள் வாயைப் பிளந்து பார்த்தன, மூன்றாம் நாள் கழுத்துக்காரர்களைத் தாண்டிக் குதித்து ஓடிப்போயின. வடக்குத் தெருவில் தண்ணீர் லாரி வருவதும் கழுத்துக்காரர்கள் வருவதும் ஒன்றுபோல ஆகிவிட்டது. இன்றைக்கு என்ன நேரமாகிறது, இன்னும் காணோமே என்று கேட்கிற அளவுக்கு.

அவர்களில் பெரிய வயிற்றுக்காரன் ஒருவன், முதலில் வந்தவன், பேச்சுக்காரன். தெரு அவனைப் பெரிய தீனி என்று கூப்பிட்டது. அவன் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து கதை சொல்வான்.

“நாங்க அம்மா ரத்தத்துக்குக் காவல்காரங்க மாமா. ஏழு வயசுல அம்மா துருப்பிடிச்ச ஆணிய மிதிச்சப்போ, அந்த விஷத்தைத் தின்னு செமிச்சது நாங்க. மணல்வாரி அம்மை போட்டப்போ ஒம்பது நாள் கண்ணு மூடல. எண்ணெய் தெறிச்சு கை வெந்தப்போ, வெந்த தோலை வழிச்சுத் தின்னு சுத்தம் பண்ணிக் குடுத்தோம்.”

“அப்போ பெரிய ஆளுதான் நீ!” என்பான் மாசானம்.

“ஆளெல்லாம் இல்ல மாமா. வாய்தான் பெருசு.”

கடை முழுக்கச் சிரிக்கும். இன்னொரு பன் ஓரம் கிடைக்கும்.

இன்னொரு ரகமும் இருந்தது. ஒல்லியாக, கோரைப்புல் மாதிரி, ஆளுக்கொரு கம்பு வைத்திருந்தவர்கள். இவர்கள் வெளியே வந்ததும் நிழல் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். கண் திறந்தே இருக்கும், பார்வை இருக்காது. கம்பு பக்கத்தில் கிடக்கும். யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்காதவர்களுக்குத் தெருவும் எதுவும் கொடுக்கவில்லை. வாய்க்கால் ஓரத்தில் அவர்கள் கிடப்பதைப் பூரணம்தான் விளக்குமாறு படாமல் ஒதுக்கி ஒதுக்கிப் பெருக்கினாள்.

தின்றது போக மிச்சத்தைப் பெரிய தீனியின் ரகமான தீனிக்காரர்கள் சாக்கில் கட்டினார்கள். ஏன் என்று கேட்டால், எல்லோரும் ஒரே குரலில், “வீட்ல தம்பி இருக்கான்” என்றார்கள். உலகம்மாளுக்குப் பிள்ளை கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். தம்பி என்ற சொல்லைக் கேட்ட அன்றைக்கு அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தெருப் பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். “இந்த வயசுல, இந்த இடத்துல, பாரேன்” என்றார்கள். அதன்பிறகு தெருவில் எந்த வீட்டில் எது செய்தாலும் கழுத்துக்குள் இருக்கிற பிள்ளைக்கென்று ஒரு கிண்ணம் வந்தது. பால்கொழுக்கட்டை வந்தது. கருப்பட்டி வந்தது. நெய் வந்தது.

பூரணம் மட்டும் சாப்பாட்டை வெறுத்தாள். பக்கத்தில் இருந்து பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். அக்கா கண் அயர்ந்ததும் தீனிக்காரர்கள் எறும்பு மாதிரி வரிசை கட்டிச் சோற்றை மேலே ஏற்றுவார்கள். துளையில் பருக்கை சிக்கினால், அதன்மேல் காறித் துப்பி வழவழப்பாக்கி, தோளைக் கொடுத்து உள்ளே தள்ளுவார்கள். நெய்க் கையை அக்காவின் தோளில் துடைப்பார்கள். தோள் எப்போதும் பிசுபிசுவென்று மினுங்கிக்கொண்டே இருக்கும். கஞ்சி குடித்து முடித்த அக்காவின் உதட்டோரத்தை நாலைந்து பேர் குனிந்து நக்குவார்கள். அக்கா அதற்கும் சிரிப்பாள். அவள் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நின்றது, ரவிக்கை தொளதொளத்தது, குரல் பாதி காற்றாகிவிட்டது, வீக்கம் மட்டும் நாளுக்கு நாள் தளதளவென்று விளைந்தது. அதன்மேல் நீல நரம்புகள் ஆலம்வேர் மாதிரி ஓடின.

“கால்வாய் வெட்டியிருக்கோம் சித்தி,” என்றான் பெரிய தீனி பெருமையாக. “தம்பிக்கு ரத்தம் தடங்கல் இல்லாம போவுது, பாத்தீயளா?”

பூரணம் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, அவனைச் சேலை நுனியால் பிடித்துத் தூக்கிக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

“நெசத்தைச் சொல்லு. உள்ள இருக்கது யாரு?”

“தம்பிதான் சித்தி. அம்மா சதையில பொறந்தவன்.”

“நீ காவல்காரன்தானே? ஆனி மாசம் இம்புட்டுண்டா இருந்தானே, அப்பவே அடிச்சுத் தொரத்த வேண்டியதுதானே?”

“கம்போடதான் போனோம் சித்தி, கம்புக்காரன் முன்னால, நாங்க பின்னால.” அவன் குரல் தாழ்ந்தது. “வாசல்ல தம்பி சந்தனக் கிண்ணத்தோட நின்னான். வாங்க அண்ணாச்சின்னான். நெத்தியில பூசுனான். பூசுன பெறவு என்ன செய்ய? அம்மா வளர்த்த பிள்ளைய நாங்க. சந்தனம் வாங்குன வீட்ல கை ஓங்குவமா?”

பூரணம் அவனைக் கீழே இறக்கிவிட்டாள்.

செவல்குறிச்சியில் அது அப்படித்தான். பந்தல் வாசலில் சந்தனம் வாங்கியவன் அன்றைக்கு உறவு. அவனை யார் என்று கேட்கக்கூடாது, அவன் மேல் கை வைக்கக்கூடாது, அவன் உட்கார்ந்த இலையிலிருந்து அவனை எழுப்பக்கூடாது. அவனும் அந்த வீட்டில் கை ஓங்கக்கூடாது. ஊரே இதைக் கடைப்பிடித்தாலும் உலகம்மாள் கடைப்பிடித்த மாதிரி யாரும் இல்லை. வரப்புச் சண்டையில் அவள் புருஷனைக் கடப்பாரையால் அடித்துக் காலை ஒடித்தவன், மறு வருஷம் ஒரு கல்யாணத்தில் கூசாமல் சந்தனம் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். உலகம்மாள் நெய்ச்சட்டியை எடுத்துக்கொண்டு போய் அவன் இலையில் தன் கையால் ஊற்றி, “இன்னும் கொஞ்சம் வைக்கட்டா அண்ணாச்சி?” என்று கேட்டாள். அவன் வைக்கச் சொன்னான். மூன்று தடவை வைக்கச் சொல்லி, விரலிடுக்கில் வழிந்த நெய்யை முழங்கை வரை நக்கியதைப் பூரணம் அன்றைக்குப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊர் அக்காவைக் கொண்டாடியது. அக்காவின் ரத்தமும் அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

பூரணம் அக்காவை ஆட்டோவில் ஏற்றி, பஸ்ஸில் ஏற்றி, திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தாள். தோளில் உட்கார்ந்திருந்த கழுத்துக்காரர்களைப் பார்த்து அவளும் அசரவில்லை. “இவங்கள நான் தெனமும் கண்ணாடிச் சில்லுல வச்சு லென்சு வழியாப் பாக்கேன், வெளிய வந்து உக்காந்து பாக்கது இன்னைக்குத்தான்” என்றாள். கழுத்தை ஸ்கேன் எடுத்த படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

“இது தைராய்டுல வர்ற புத்துநோயிலேயே ரொம்ப மோசமானது. மூச்சுக்குழாயச் சுத்திப் பின்னிக் கெடக்கு, கத்தி வைக்க முடியாது. இந்த வீக்கத்துல பாதி நோயி. மீதிப் பாதி யாரு தெரியுமா? இந்தா, இந்த வயித்துக்காரங்கதான். உள்ளயே குடித்தனம் போட்டு, கைகோத்து நின்னு, அதுக்குச் சோறும் ஊட்டி, கம்புக்காரங்க உள்ள போக முடியாம மறிச்சுக்கிட்டும் நிக்காங்க.”

“எங்கக்கா பொழச்சுருவாளா டாக்டரம்மா?”

“சத்தியம் பண்ண மாட்டேன். இப்படியே விட்டா ஒரு மாசத்துல மூச்சடைக்கும். ஒரு மருந்து ஏத்துதேன். அது நோயை நேரா ஒண்ணும் பண்ணாது. இவங்க நெத்தியில இருக்க சந்தனத்தக் கழுவிவிடும், அம்புட்டுதான். கழுவிட்டா கம்புக்காரங்களுக்குத் தாங்க யாருங்குறது ஞாபகம் வரலாம்.”

மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. பஸ்ஸில் திரும்பி வரும்போதே நெற்றிகள் வெளுத்துவிட்டிருந்தன. மடியில் கிடந்த ஒரு கம்புக்காரன் எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தான். பார்வையோடு பார்த்தான். பூரணம் மூச்சை அடக்கிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தது. மாசானம் சந்தனக் கிண்ணத்தோடு எதிரே ஓடிவந்தான்.

“அடப்பாவமே, பிள்ளையளோட நெத்தியெல்லாம் வெறுசா இருக்கே! வெளியூர் போயிட்டு வந்தவங்கள இப்படியா கூட்டிட்டு வருவ மைனி?”

அவள் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள், தெரு கூடிவிட்டது. ஆளுக்கொரு விரலாகச் சந்தனம் தொட்டு, அத்தனை நெற்றிக்கும் பூசிவிட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தவன் மெதுவாகச் சரிந்து படுத்தான். பூரணம் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து, “நான் கழுவுதேன், நீங்க பூசுதீய. நான் என்னம்மா பண்ணட்டும்?” என்றாள்.

வீடு வீடாக ஏறி இறங்கினாள் பூரணம். பூசாதீர்கள், போடாதீர்கள், அது பிள்ளை இல்லை என்றாள். வாசலில் நின்று கேட்டார்கள், தலையாட்டினார்கள், அவள் திரும்பியதும் கிண்ணத்தை எடுத்தார்கள். “அக்காவுக்கு ஒரு பிள்ள அமைஞ்சது இவளுக்குப் பொறுக்கல” என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. கடைசியில் அக்காவின் காலடியில் உட்கார்ந்தாள்.

“நீ சொன்னா கேப்பாங்கக்கா. எந்திரிங்கன்னு ஒரு வார்த்த சொல்லு.”

உலகம்மாள் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்செடுத்தாள். “இலையில உக்காந்தவன… நான் எழுப்புனதில்ல பூரணம்.”

“அது உன்னத் தின்னுதுக்கா.”

“பிள்ளைய… எல்லாந்தான்… தாயத் திங்கும்.”

பூரணத்துக்கு முதல்முறையாக அக்காவின் மேலேயே குமட்டியது. அந்தச் சிரிப்பு, அந்தப் பெருமை, எச்சில் வடிகிற தோள். எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அக்காவைத் தொட்ட கையைக் கழுவுகிறோமே என்று தோன்றியபோது, தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கி அழுதாள்.

ஆவணியில் தெரு கூடி ஒரு முடிவுக்கு வந்தது. உள்ளே இருக்கிற பிள்ளைக்குக் காது குத்துவது என்று. தாய்மாமன் இல்லாத குறைக்கு மாசானமே தாய்மாமனாக நிற்பதாகச் சொன்னான். ஆசாரி வந்து வீக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“காது எது வே?” என்றார்.

“அதென்ன பெரிய காரியம்? எங்க தடிப்பா இருக்கோ அங்க குத்தும்” என்றான் மாசானம்.

“சீழ் கீழ் வந்துட்டா?”

“எந்தப் பிள்ளைக்குக் காது குத்தி ரத்தம் வரல? வாயில ஒரு சொட்டு சீனிப்பாகு விட்டா அழுகை நின்னுரும்.”

“வாய் எது?”



விசேஷத்துக்கு முந்தின நாள் இரண்டாவது தடவை மருந்து ஏற்றிக்கொண்டு வந்த பூரணம், அக்காவை முக்காட்டுத் துணியால் மூடி, கொல்லை வழியாக வீட்டுக்குள் கொண்டுவந்து, கதவைச் சாத்திவிட்டாள். அன்றைக்கு முழுக்க ஒரு சந்தன விரலும் கழுத்துக்காரர்கள் மேல் படவில்லை. சாயங்காலம் கம்புக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் கையை நீட்டித் தன் கம்பைத் தடவினான்.

காலையில் பந்தல் நின்றது. ரோஸ் கலர் சட்டை போட்டுக்கொண்டு மாசானம் வந்தான். உலகம்மாளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் பந்தல் நடுவில் இறக்கினார்கள். எதிரே பாயில் வெற்றிலைகளை வரிசை வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு வெற்றிலையிலும் நாலு பருக்கை, ஒரு சொட்டுப் பருப்பு, ஒரு சொட்டு நெய், ஒரு முந்திரித் துணுக்கு. தீனிக்காரர்கள் தோளிலிருந்து கொட்டினார்கள். வெளுத்த நெற்றியோடு கொஞ்சம் திகைத்துப்போய், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றவர்களை மாசானம் வாங்க வாங்க என்று கூப்பிட்டுச் சந்தனம் பூசிப் பூசி உட்கார வைத்தான். உட்கார்ந்ததும் தின்றார்கள். ஊரே சமைத்த சாப்பாட்டை விழுங்குகிற அத்தனை வாயின் சப்புச் சப்பென்ற சத்தம், சேற்றில் மாடு நடக்கிற மாதிரி பந்தல் முழுக்கக் கேட்டது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மாசானத்தின் விரல், சந்தனம் சொட்டச் சொட்ட, கம்பைத் தடவிய அந்த ஒல்லிக்காரனின் நெற்றியை நோக்கிப் போனது.

பூரணம் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள்.

மஞ்சளாகப் பாயில் தெறித்தது. யாரும் வாயெடுப்பதற்குள் அவள் முதல் வரிசையில் குனிந்து, தின்றுகொண்டிருந்தவனின் வெற்றிலையை, அவன் கை அதில் இருக்கும்போதே, சோற்றோடு மடக்கினாள். அடுத்ததை மடக்கினாள். அடுத்ததை. மடக்க மடக்க, சேலை நுனியை ஈரத்தில் முக்கி நெற்றிகளைத் தேய்த்துத் துடைத்தாள்.

“ஏட்டி பூரணம், இலையத் தொடாத!”

“சாப்புடுதவன் கையில இருந்து பிடுங்குதாளே, இவ மனுசியா?”

“பிடிங்கவே அவள!”

பிடிக்க ஒருவரும் வரவில்லை. அவளும் அந்தப் பந்தலில் சந்தனம் வாங்கியவள்தானே, அவள் மேல் எப்படிக் கை வைப்பது?

அக்காவின் மடியில் தனி இலை போட்டுத் தின்றுகொண்டிருந்த பெரிய தீனி எழுந்து நின்று அழுதான். “அம்மா, சித்தி எங்க இலைய மடக்குதாம்மா. நீ கேளும்மா.”

பந்தல் மொத்தமும் உலகம்மாளைப் பார்த்தது. அவள் மூச்சு விசில் மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. நாற்பது வருஷம் ஆயிரம் பந்திகளில் ஒருவனைக்கூட எழுப்பாதவள், பாயில் மண்டிபோட்டுச் சந்தனமும் எச்சிலும் அப்பிய சேலையோடு கிடக்கிற தங்கையைப் பார்த்தாள். பூரணம் ஓங்கரித்துக்கொண்டே அடுத்த இலைக்குக் கை நீட்டினாள். உலகம்மாள் கையை மெல்லத் தூக்கி வீக்கத்தின் மேல் வைத்தாள். பிள்ளையின் உச்சந்தலையைத் தடவுகிற மாதிரி ஒருமுறை தடவினாள். பிறகு அந்தக் கையைக் கீழே கொண்டுவந்து, மடியில் இருந்த பெரிய தீனியின் இலையைத் தானே மடக்கினாள்.

“எந்திரிங்க” என்றாள். காற்றுதான் வந்தது. ஆனால் அவள் ரத்தத்துக்கு அது கேட்டது.

பெரிய தீனி மடக்கிய இலையைப் பார்த்துக்கொண்டே நின்றான். “அப்போ அவன் தம்பி இல்லையாம்மா?”

உலகம்மாள் தலையை அசைக்க முடியாமல், கண்ணை மூடித் திறந்தாள். இல்லை.

கம்புக்காரர்கள் எழுந்தார்கள். அவர்கள் நின்று தெரு பார்த்ததில்லை. நின்றால் இத்தனை நெட்டையா என்றிருந்தது. ஒருவரோடு ஒருவர் பேசாமல், கம்பை எடுத்துக்கொண்டு, மடியில் ஏறி, கையில் ஏறி, தோளில் ஏறி உள்ளே போனார்கள். நெற்றி துடைத்த தீனிக்காரர்கள் சிலர் சாக்கைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் போனார்கள். சிலர் சாக்கோடு வாய்க்காலுக்குள் ஓடிப்போனார்கள். பெரிய தீனி கடைசியாக, வெறுங்கையோடு போனான். தெரு சாப்பிடாமல் கலைந்தது. அண்டாப் பாயசம் அப்படியே இருந்து புளித்து நுரைத்தது. இலையை மடக்கின வீடு என்று அன்று மாலையே பேச்சாகிவிட்டது. இனி அந்தச் சகோதரிகளை ஒரு விசேஷத்துக்கும் அடுப்பு மூட்டக் கூப்பிடமாட்டார்கள் என்பது பூரணத்துக்குத் தெரியும்.

உலகம்மாளுக்குக் காய்ச்சல் அடித்தது. அனலாக அடித்தது. “அடிக்கட்டும், உள்ள வேல நடக்குன்னு அர்த்தம். மூச்சு முட்டுனா மட்டும் உடனே தூக்கிட்டு வா” என்றாள் டாக்டரம்மா போனில். கழுத்துக்குள் உரலில் இடிக்கிற மாதிரி சத்தம் மூன்று நாள் ஓயவில்லை. துளை வழியாகக் கருஞ்சீழும், நூல் நூலாகச் சதையும், செமிக்காத நெய்க்கட்டியும் வழிந்தன. பூரணம் பீங்கான் கிண்ணத்தை ஏந்திப் பிடித்தாள். கிண்ணம் நிறைந்ததும் கொல்லையில் குழி வெட்டிக் கொட்டி, அங்கேயே வாந்தியெடுத்து, வாய் கொப்பளித்து, திரும்ப வந்து ஏந்தினாள். தெருவில் ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் காலையில் கம்புக்காரன் ஒருவன் வெளியே வந்தான். ஒரு காது கிழிந்து தொங்கியது. கம்பு பாதியில் முறிந்திருந்தது. சோறு கேட்கவில்லை. தோளில் குத்தவைத்து உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

“என்னப்பா, முடிஞ்சுதா?” என்றாள் பூரணம்.

“பாதிகூட ஆகல சித்தி.” அவன் சீழைத் துடைத்தான். “அடிக்க அடிக்க உள்ள இருக்கவன் அழுதான். எங்க குரல்ல அழுதான். பெறவு அம்மா குரல்ல அழுதான்.”

பூரணம் அக்காவைப் பார்த்தாள். கண் மூடித்தான் இருந்தது. தூங்குகிறாளா, கேட்கிறாளா, தெரியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “நிறுத்திட்டீயளா?”

“இல்ல சித்தி.”

முறிந்த கம்பை ஊன்றி அவன் எழுந்தான். உலகம்மாள் கண்ணைத் திறக்காமலேயே, நோவில் பல்லைக் கடித்துக்கொண்டு, அவன் உள்ளே போக வாகாகத் தலையை மறுபக்கம் சாய்த்துக் கொடுத்தாள்.